சாட்சி சொன்ன குரல்

வடக்கு உகாண்டாவில் அந்தத் தேவாலயக் கூடத்தின் சன்னல்களைச் சாக்கால் மூடியிருக்கிறார்கள். கிழிசல் வழியே வெயில் திரைமேல் பொட்டுப் பொட்டாய் விழுகிறது. ஹேக் நகரத்துச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில், தன்னைக் காட்டுக்குத் தூக்கிப்போன படைத்தலைவனுக்கு எதிராக ஒரு பெண் சொன்ன சாட்சியம் அதில் படமாக ஓடுகிறது. ஊருக்கு ஆள் தெரியக்கூடாதென்று முகத்தைக் கலைத்து, குரலையும் ஆண்குரலாக்கிவிட்டார்கள். கூட்டத்தில் கடலை உரித்தபடி லாயெத் கேட்கிறாள். ரகசியமாய்ப் போய் அதைச் சொன்னவள் அவள்தான். சொற்கள் அவளுடையவை, குரல் யாருடையதோ. "யாரு பெத்த பொண்ணோ, என்ன பாடு பட்டிருக்கா!" நாத்தனார் அசிரோ மூக்கைச் சிந்துகிறாள். லாயெத்துக்கும் அந்தப் பெண்மேல் இரக்கம் வருகிறது. அது தான்தானா என்று குழம்புகிறாள். அசிரோ சட்டென்று திரும்புகிறாள். "ஏண்டி லாயெத், ஒனக்கு நெஞ்சா கல்லா? ஒரு சொட்டுக் கண்ணீரக் காணோமே!" லாயெத் பருப்பைத் தரையில் போட்டுவிட்டுத் தோலை வாயிலிட்டு மெல்லுகிறாள்.