ஒரு விசிலுக்கு மட்டும் வழி

எங்கள் கம்பெனியின் சுவர்த் தகடுகள், பக்கத்து வீட்டுச் சத்தம் வந்ததுமே எதிராக அதிர்ந்து அதை அடக்கிவிடும். எதை அடக்குவது, எதை விடுவது என்று கேட்டுத் தகட்டைச் சரிசெய்வது என் வேலை.

பல்லாவரம் அடுக்ககத்தில் கனகவல்லியம்மா கறாராகச் சொன்னார்: "மெஹருன்னிசா வீட்டுச் சத்தம் எதுவுமே கேக்கக் கூடாது. அவளோட பேசி ஆறு மாசமாச்சு."

நான் பையை மூடும்போது குரல் இறங்கியது. "குக்கர் விசில் மட்டும் விட்டுடுங்க, தம்பி. சுகர்காரி, தனியா இருக்கா. நேரத்துக்குச் சமைக்கிறாளான்னு தெரியணுமில்ல."

எல்லாவற்றையும் அடக்குவது சுலபம். ஒன்றை மட்டும் விடுவதுதான் வதை. தகட்டை மூன்று முறை கழற்றி மாட்டினேன்.

மறுவாரம் போன் வந்தது. "மணி ரெண்டாச்சு, விசிலே வரல. உங்க சுவரு கெட்டுப்போச்சா?"

ஓடினேன். கனகவல்லியம்மா வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குக்கர் வாஷர் போயிடுச்சு, தம்பி," என்றார் மெஹருன்னிசா. "அதுக்குள்ள இவ கதவை உடைக்காத குறையா தட்டுறா."

"அப்ப தகட்டைக் கழட்டிடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்!" என்று இருவரும் சேர்ந்தே பதறினார்கள். "நாளைக்குச் சண்டை வந்தா வேணுமில்ல?"