முப்பத்தெட்டு டிகிரி

அடுப்பு ஜில்லென்று கிடந்தது.

நவராஜ் புறங்கையை வைத்துப் பார்த்தான். கைக்குத்தான் சொரணை போய்விட்டதோ என்று கன்னத்தையும் வைத்துப் பார்த்தான். சந்தேகமே இல்லை, ஜில்லென்றுதான் இருந்தது.

காட்மாண்டுவிலிருந்து ஒரு பகல் முழுக்க பஸ். பிறகு நாலு மணி நேரம் மலையேற்றம். எல்லாம் இந்த ஒரு அடுப்புக்காக.

புகை குறைந்து, விறகுச் செலவும் குறைந்தால் ஒரு மலைக்குடும்பத்துக்கு என்ன மிச்சமாகும் என்று பார்க்கிற ஆய்வு அது. ஊரில் நாற்பது வீட்டுக்குப் புகையில்லா அடுப்பு கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு வெப்பமானி. அடுப்பு எரிகிறதா இல்லையா என்று அது மணிக்கொரு தரம் காட்மாண்டுவுக்குக் கோள் சொல்லிவிடும்.

முப்பத்தொன்பது வீட்டில் கோள் சொல்ல ஒன்றுமே இல்லை.

பூல்மாயா வீட்டு அடுப்பு மட்டும்தான் மானத்தைக் காப்பாற்றியது. மூன்று வாரம், இரவு பகலாக, முப்பத்தெட்டு டிகிரி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆய்வை நடத்தும் பேராசிரியர் பூரித்துப்போனார். 'இளஞ்சூட்டுச் சமையல்' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்து, பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதியும் போட்டுவிட்டார்.

நாலு நாள் முன்னால் அதுவும் அணைந்தது.

ஒரு அடுப்புகூட எரியாத ஊரில் ஆய்வு எதற்கு, மூடிவிடுகிறோம் என்று அங்கிருந்து பதில் வந்தது. மூடினால் நவராஜின் வேலை போகும். நாலு வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கும் முனைவர் பட்டமும் கூடவே போகும்.

"தீதி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னைக்கே பத்த வைங்க," என்றான்.

பூல்மாயா மூலையில் பழைய இரும்பு முக்காலி அடுப்பின் புகைக்குள் உட்கார்ந்து, மக்காச்சோள மாவில் திடோக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்தபடி திரும்பினாள்.

"அதுலயா? அதுல சட்டி வெச்சுத் திடோ கிண்டினா, அடுப்பும் சேர்ந்து சுத்துது பாபு. நான் அதை ஒரு நாள்கூடப் பத்த வெக்கல."

நவராஜ் அடுப்பைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப மூணு வாரமா அதைச் சூடாக்கினது யாரு?"

அவள் கரண்டியை நீட்டி வாசலைக் காட்டினாள்.

ஒரு சிவப்புக் கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் பதினொரு குஞ்சுகள்.

நவராஜ் குனிந்து அடுப்பின் வாய்க்குள் எட்டிப் பார்த்தான். வைக்கோல். முட்டை ஓடுகள். வெப்பமானியின் மேல் ஒரு சிவப்பு இறகு ஒட்டியிருந்தது.

"நரி, மரநாய் எதுவும் மூக்கை விட முடியல. பதினொண்ணு வெச்சேன், பதினொண்ணும் பொரிச்சிடுச்சு. நல்ல அடுப்பு பாபு, குறை சொல்லக் கூடாது."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பையிலிருந்த கைபேசி அடித்தது. பேராசிரியர். அவர் பேசினால் வீடே கேட்கும்.

"நவராஜ், என்னய்யா மந்திரம் போட்டே? நேத்து ராத்திரிலேருந்து இன்னும் ஏழு வீட்ல முப்பத்தெட்டு டிகிரி காட்டுது. ஒரு வீட்டைப் பார்த்து அடுத்த வீடு கத்துக்கும்னு நான் சொன்னேனா இல்லியா?"

நவராஜ் மெல்லத் தலையைத் திருப்பினான். பூல்மாயா திடோவை இன்னும் வேகமாகக் கிண்டினாள்.

"பக்கத்து வீட்டுக்காரிங்க வந்து கேட்டாங்க," என்றாள் தணிந்த குரலில். "சொல்லிக் குடுத்தேன். தப்பா?"

"எழுதிடறேன்யா, ஆய்வு தொடரட்டும்னு இப்பவே எழுதிடறேன்," என்றார் பேராசிரியர். "ஆனா இதுவும் பாதியில அணைஞ்சு என் மானத்தை வாங்கக் கூடாது. எத்தனை நாள் தாங்கும், உறுதியா சொல்லு."

ஒரு குஞ்சு வந்து அவன் செருப்பின் மேல் ஏறி நின்றது.

"இருபத்தொரு நாளைக்கு நான் பொறுப்பு சார்," என்றான் நவராஜ்.