கம்பத்தில் ஒரு டீக்கடை

கம்பத்தில் டீக்கடை வைத்தால் ஓடுமா என்று விசாரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார் தேனி வியாபாரி கருத்தக்கண்ணன். வேலை கேட்டு வந்த மூன்று பேரையும் கம்பத்துக்கு அனுப்பிப் பார்த்தார். மூவரும் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார்கள்.

"அங்க டீக்கடையே இல்லீங்க. தைரியமா வைங்க" என்றார் மதுரைக்காரர்.

"சனம் டீக்குத் தவிச்சுக் கெடக்கு" என்றார் இரண்டாமவர்.

உத்தமபாளையம் உசேன் தயங்கினார். உள்ளதைச் சொன்னால் வேலை கிடைக்காது.

"சந்தைப் பக்கம் ஒரு கடை இருக்குண்ணே. ஈ ஓட்டுறாக. ஏலத்தோட்டத்துக்குப் போறவுக இருட்டோட மலையேறிர்றாக. அந்தக் கடைக்காரரு விடிஞ்ச பெறகுதேன் அடுப்பே மூட்டுறாரு. டீ கழனித்தண்ணி மாதிரி இருக்கு. கேட்டா மொறைக்கிறாரு."

"நீங்கதேன் நம்ம ஆளு" என்றார் கருத்தக்கண்ணன்.

மதுரைக்காரர் முகம் சுருங்கியது. "கடை வைக்காதீங்கன்னு சொல்றவரையா?"

"வச்சு ரெண்டு வருசமாச்சு. அந்தக் கடை என்னோடதுதேன். ஏன் ஓடலைன்னு தெரியாமத்தேன் உங்கள அனுப்புனேன்."

உள்ளேயிருந்து மனைவி சுப்புத்தாயின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"உங்க தம்பி வெள்ளன எந்திரிக்கிறதில்ல, வர்றவுகள மொறைக்கிறாருன்னு நான் சும்மா சொன்னப்ப நம்பலையே. கூலி குடுத்துக் கேட்டாத்தேன் உங்க காதுல ஏறும்."