அரை டேங்க்

மலை ஏற்றத்தில் ஒரு பழைய கார் இருமிக்கொண்டே போனது.

"அண்ணே, எனக்குப் பெட்ரோலே வரலை" என்றது எஞ்சின்.

டாஷ்போர்டில் பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளுக்குச் சிரிப்பு வந்தது. "அரை டேங்க் இருக்குடா. ஏற்றம்னாலே உனக்கு நடிப்பு வந்துடும்." இருந்தாலும் டேங்குக்குள் பெட்ரோலில் மிதந்து அளவு சொல்லும் மிதவையிடம் கேட்டது. "தம்பி, எவ்வளவு இருக்கு?"

"அரைண்ணே" என்றது மிதவை, வழக்கம்போல.

அடுத்த வளைவில் எஞ்சின் நின்றுவிட்டது. கார் பின்னால் நழுவ, ஓட்டியவர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார்.

முள் அலறியது. "டேய், கீழே குனிஞ்சு பார்த்துச் சொல்லு!"

மிதவை முதன்முறையாகக் குனிந்தது. "ஐயோ, டேங்க்கோட தரை தெரியுதுண்ணே! அன்னிக்கு கார் பள்ளத்துல விழுந்தப்போ என் கம்பி மாட்டிக்கிச்சு. அந்தரத்துல தொங்குறேன்!"

"அப்புறம் எப்படிடா தினமும் அரைன்னு சொன்னே?"

"நான் இருக்கிற உயரத்தைச் சொன்னேன்."

முள் கீழே இறங்கத் துடித்தது. மிதவை இறங்காமல் அதனால் அசைய முடியவில்லை.

ஓட்டியவர் முள்ளுக்கு மேலிருந்த கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "பெட்ரோல் நிறைய இருக்குங்க. எஞ்சின்தான் போயிடுச்சு. மொத்தமா கழட்டிடுங்க."

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன்!" என்று கதறியது எஞ்சின்.

முள் அரையைக் காட்டிக்கொண்டிருந்தது.