அவங்கள் தோற்கும்வரை

“தோத்திட்டாங்களோ?” என்று கேட்டபடிதான் றெக்ஸ் கதவைத் திறந்தான். சாமான் ஏற்றும் வானைக் கீழே மற்றக் கார்களை மறித்து நிறுத்திவிட்டு வந்திருந்ததால் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“இன்னும் இல்லை,” என்றாள் அக்கா றெபேக்கா, டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சோபாவின் ஒரு முனையில் அவள். மறுமுனையில் அத்தான் குலேந்திரன். நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். வாசலில் அத்தானின் இரண்டு சூட்கேசுகளும் கட்டியபடியே நின்றன.

ஏப்ரலில் எடுத்த முடிவு அது. சண்டைகூட இல்லை. பேசி அலுத்து, பிறகு பேசாமலிருந்தும் அலுத்துப்போய், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது “பிரிஞ்சிடுவம்” என்று முடிந்தது. முதலில் சொன்னது யார் என்பதில்கூட இருவருக்கும் அக்கறை இருக்கவில்லை.

அத்தான் கேட்டது ஒன்றுதான். “பிளேஓஃப் முடியட்டும். என்ர ஆக்கள் தோத்த அண்டைக்கே போறன்.”

அவருடைய ஆட்கள், பிளேஓஃப் என்ற இறுதிச் சுற்றுகளுக்குள் கடைசி இடத்தில் தொங்கிப்பிடித்து வந்த கூடைப்பந்து அணி. முதல் சுற்றிலேயே முதலிடக்காரரோடு மோதல். ஒரு கிழமைகூடத் தாங்காது என்றார்கள் எல்லோரும். அக்காவும் சரி என்றாள். தான் இருக்கும் லவால் நகரிலிருந்து வானைக் கொண்டுவர றெக்ஸும் லீவு சொல்லிவைத்தான்.

முதலிடக்காரர்தான் தோற்று வீட்டுக்குப் போனார்கள். அடுத்து வந்தவர்களும் போனார்கள்.

றெக்ஸ் ஹொக்கி பார்க்கிறவன்; கூடைப்பந்து அவனுக்கு ஏறாது. போன் எடுத்துத் தோற்றார்களா என்று கேட்டால், “இல்லை, வெண்டிட்டாங்கள்” என்பாள் அக்கா. பால் முடிந்துவிட்டது என்பதுபோல் இருக்கும் அந்தக் குரல். முதலில் அவனுக்குக் கவலையாக இருந்தது, பிறகு கோபமாக இருந்தது. இப்போது ஒன்றுமில்லை. கூப்பிட்டால் வானைக் கொண்டுவரும் டிரைவர் அவன், அவ்வளவுதான்.

“அத்தான், லொங்குய்யில உங்களுக்கு அறை வாடகைக்குத் தாறவன் இனிப் பாத்துக்கொண்டிருக்கமாட்டானாம். இண்டைக்கு வராட்டி வேற ஆளுக்குக் குடுத்திடுவானாம்.”

“நான் என்னடாப்பா செய்ய? அவங்களெல்லோ தோக்கமாட்டம் எண்டு நிக்கிறாங்கள்.”

“நீங்கள் போய் விளையாடினா உடன தோத்திடுவாங்கள்.”

அத்தான் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை. றெக்ஸ் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

திரையில் உயரமான ஒருவன் துள்ளிப் பாய்ந்து வளையத்தைப் பிடித்துத் தொங்கினான். றெக்ஸுக்கு அந்த முகம் ஞாபகம் இருந்தது. போன முறை வந்தபோது அவனை நாலு பேர் தாங்கிக்கொண்டு வெளியே போனார்கள். இந்த வருசம் இனி இவன் இல்லை என்று சொன்னது அத்தான்தான்.

“இவனுக்கெல்லோ முழங்கால் போனது?”

அத்தான் ரிமோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “அது... ஆறீட்டுதாக்கும்.”

“இப்பத்தைய டொக்டர்மார் கெட்டிக்காரர்,” என்றாள் அக்கா.

 திரையில் பந்து தரையில் மோதிக்கொண்டிருந்தது.

“தேத்தண்ணி போடுறன். உமக்கும் வேணுமே?” அத்தான் எழுந்தார். அக்கா தலையாட்டினாள். ஆட்டத்தை நிறுத்திவைக்காமலே அவர் குசினிக்குப் போனார். கேத்தலில் தண்ணீர் விழுந்தது.

இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பார்க்க றெக்ஸ் போனை எடுத்தான். அணியின் பெயரைத் தட்டினான். திரையில் வந்ததைப் படித்தவன், டீவியைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான்.

கதிரையை விட்டு எழுந்து, சோபாவின் நடுவில், அந்த வெற்றிடத்தில் உட்கார்ந்து அக்காவின் காதருகே குனிந்தான். கிழமைக்கணக்கில் மரத்துக்கிடந்த கோபம் திடீரென்று உயிர்த்தது.

“அக்கா, அத்தான் உன்னைப் பேய்க்காட்டுறார்! இது பழைய மேட்ச். அவங்கள் போன கிழமையே தோத்து வீட்டை போயிட்டாங்கள்!”

றெபேக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ரிமோட்டை எடுத்து டீவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

“தெரியும். மெல்லக் கதை, அத்தானுக்குக் கேட்டிடும்.”