டயர் இன்னும் வரேல்லை

"உது சேத்துக்குப் போடுற டயர், அண்ணை. ஐஸிலை ஏறினா தட்டு மாதிரிச் சறுக்கும்."

கனடாவில், மில்லிக்கனில் டயர்க் கடை வைத்திருக்கும் அன்புராசா சொன்னதை அமிர்தநாதர் நம்பவில்லை. கட்டை கட்டையாகப் பல் வைத்த அந்த டயரைப் பூட்டினால் யானைகூட வழுக்காது போலிருந்தது.

"அப்ப எது நல்லம்?"

அன்புராசா வேறொன்றை உருட்டி வந்தான்.

"இதிலை நகத்தை அழுத்திப் பாருங்கோ. குளிரிலையும் ரப்பர் மெத்தெண்டு இருக்கும். கத்தியாலை கீறின மாதிரி மெல்லிய வெட்டுகள் தெரியுதே? உதுதான் ஐஸைப் பிடிக்கும். உங்கடை ட்ரக்குக்கு ஓடர் பண்ணித்தான் எடுக்கோணும்."

"எடு. உறைஞ்ச சிம்கோ ஏரிக்கு நடுவிலை ஓடப்போறன்."

"ட்ரக்கையோ? டயர் வழுக்காது, சரி. ஐஸ் தாங்கோணுமே அண்ணை. இந்த வருசம் குளிர் பிந்திப்போச்சு."

"போன கிழமை கரையிலை நிண்டு பாத்தனான். வெள்ளையள் நடுவிலை ஐஸுக்கு மேலை குடில் போட்டு, ஓட்டை குடைஞ்சு மீன் பிடிக்கிறாங்கள்."

"அவங்கள் நடந்து போனவங்கள்."

"தம்பி, கடலை ஒருக்காப் பாத்தா ஆழம் சொல்லுறவன் நான். ஊர்காவற்றுறையிலை கேட்டுப் பார். எனக்கு ஒரு ஏரியைக் காட்டிப் பயப்பிடுத்திறியோ?"

அன்புராசா ஓடர் புத்தகத்தை எடுத்து அவருடைய பெயரை எழுதினான்.

அமிர்தநாதரின் அவசரத்துக்குக் காரணம் அவருடைய தம்பி மரியோ. அவனும் கடலில் வளர்ந்தவன்தான். ஷெல் பட்ட காலோடு ஐப்பசியில் கனடா வந்து சேர்ந்தவன், அண்ணனின் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ட் ஜன்னலோடு இருந்துவிட்டான். கேட்டால் 'ஓம்' என்பான். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

தூண்டிலில் ஒரு மீன் துடிப்பது கையில் தெரிந்தால் ஆள் பழையபடி ஆகிவிடுவான் என்று அமிர்தநாதர் நினைத்தார். அந்தக் காலோடு அவன் ஐஸில் நடக்க முடியாது. ட்ரக்தான் ஒரே வழி. அதன் பழைய டயர்களோ வெறும் மொட்டை. அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கை விட்டே ஏறாது.

அடுத்த கிழமை போன் பண்ணினார்.

"டயர் இன்னும் வரேல்லை, அண்ணை."

பிறகு, "லொறி ஸ்னோவிலை மாட்டிட்டுதாம்."

அதற்குப் பிறகு, "சைஸ் மாறி அனுப்பிப்போட்டாங்கள், திருப்பி விட்டனான்."

மனைவி வேரோனிக்காவுக்குச் சிரிப்பு. "என்னப்பா, ரப்பர் மரம் நட்டு, பால் எடுத்தோ செய்யிறாங்கள்?"

ஆனால் வீட்டில் ஒரு புதுமை நடந்தது. ஏரிக்குப் போகப்போகிறோம் என்று தெரிந்ததும் மரியோ ஜன்னலை விட்டு எழும்பித் தூண்டில் கட்டத் தொடங்கிவிட்டான். ஒருநாள் அமிர்தநாதர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றமுதல் கேட்டான்.

"அண்ணை, டயர் வந்திட்டுதோ?"

கனடா வந்தபிறகு அவன் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. அதன்பிறகு தினமும் கேட்டான். ஒவ்வொரு முறையும் 'இல்லையடா' என்று சொல்லும்போது அமிர்தநாதருக்கு அன்புராசாவின்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில், ஒரு சனிக்கிழமை காலை மரியோவையும் ஏற்றிக்கொண்டு நேரே கடைக்கே போய்விட்டார். பனி உருக ரோட்டில் உப்புப் போட்டிருந்ததால் மொட்டை டயரும் ஒருமாதிரி ஊர்ந்தது. தம்பியை ட்ரக்கில் இருத்திவிட்டு உள்ளே போனார். அன்புராசா யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். வாஷ்ரூமுக்கென்று பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுவரோரம் நாலு புது டயர்கள். மேலே தூசி. சோக்கட்டியால் எழுதிய அவருடைய பெயர்.

"அன்புராசா! உது ஆரின்ரை டயர்?"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்கடைதான், அண்ணை."

"எப்ப வந்தது?"

"நீங்கள் சொல்லி மற்றக் கிழமையே வந்திட்டுது."

"கடை நடத்திறியோ, கள்ளம் நடத்திறியோ? ஆர் பெரிய ஆளுக்குக் குடுக்கவெண்டு ஒளிச்சு வைச்சனி? என்ரை தம்பி அங்கை ஒவ்வொரு நாளும்..."

சுவரில் இருந்த போன் அடித்தது.

"ஒரு நிமிசம், அண்ணை." அன்புராசா எடுத்தான். மறுமுனையில், சிம்கோ கரையில் மீன்பிடி குடில் வாடகைக்கு விடுகிறவர், ஏரியின் அக்கரைக்குக் கூப்பிடுகிற மாதிரி ஆங்கிலத்தில் கத்தினார். கடை முழுக்கக் கேட்டது.

"ஐஸ் பதினாறு அங்குலம் கட்டிவிட்டது! நேற்று இரண்டு ட்ரக் போய்விட்டு வந்தது. உன்னுடைய மீனவரை வரச் சொல். இனியாவது விடியவிடிய போன் பண்ணி 'ஐஸ் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு' என்று என் உயிரை எடுக்காதே!"

அன்புராசா போனை வைத்துவிட்டுக் கராஜ் பக்கம் குரல் கொடுத்தான். "அமிர்தநாதர் அண்ணையின்ரை ட்ரக்கை உள்ளை எடுங்கோ!"

அமிர்தநாதருக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஐஸ் இன்னும் காணாதெண்டு நீ என்னட்டை நேரை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான். ஊர்காவற்றுறையிலை கேட்டுப் பார் எண்டனீங்கள்."

கதவைத் தள்ளிக்கொண்டு மரியோ நொண்டி நொண்டி உள்ளே வந்தான். ஜாக்கெட் பொக்கெற்றிலிருந்து தூண்டில் நூல் எட்டிப் பார்த்தது.

"அண்ணை, டயர் வந்திட்டுதோ?"

அன்புராசாதான் சிரித்துக்கொண்டு பதில் சொன்னான்.

"டயர் எப்பவோ வந்திட்டுது. ஐஸ்தான் இண்டைக்கு வந்தது."