துறை இல்லாத ஊழியர்

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு மல்லுக்கு நிற்கிறாள் மகள். வேலைத் தேர்வின் கடைசிக் கேள்வி: ஊழியர் அட்டவணையையும் துறை அட்டவணையையும் இணைக்க வேண்டும், துறை ஒதுக்கப்படாதவரும் விடுபடக் கூடாது. எழுதிய நிரலை ஓட்டும்போதெல்லாம் துறை இல்லாத அந்த ஒருவன் மட்டும் பட்டியலில் காணாமல் போகிறான். திரையில் அதே சிவப்பு எழுத்தில் 'தவறு'. "எங்கடா போய்த் தொலையிற?" மேசையில் குத்துகிறாள், கரண்டிகள் துள்ளுகின்றன. அம்மா கண்டுகொள்ளாமல் தட்டுகளைப் பரப்புகிறாள். "அண்ணன் வர்றதே சந்தேகம், அவனுக்கு எதுக்குத் தட்டு?" என்று மகள் எரிந்து விழுகிறாள். "வராட்டி காலியா இருந்துட்டுப் போகட்டும். அதுக்காக அவன் இடத்தை எடுத்துடுவியா?" மகள் காலித் தட்டையே பார்க்கிறாள். ஜோடி இல்லாதவரையும் வெற்றிடத்தோடு வைத்துக்கொள்ளும் கட்டளை, லெஃப்ட் ஜாயின்! விரல்கள் பாய்கின்றன. பாதிச் சொல்லில் திரை உறைகிறது: நேரம் முடிந்தது. "முடிஞ்சுதா?" என்கிறாள் அம்மா. "லேப்டாப்பை எடு, உன் தட்டை வைக்கணும்."